வளர்ந்துவிட்ட குட்டிகள்

காப்பகத்தில் கண்ணெதிரே இருந்தும் யார் கண்ணிலும் படாத ஒரு வயது உண்டு. நாய் வளர்க்க ஆசைப்படும் குடும்பங்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த வயதைத்தான்.

சென்னையில் எந்தத் தத்தெடுப்பு முகாமுக்குப் போனாலும் கூண்டு காலியாகும் வரிசை மாறுவதில்லை. செய்தித்தாள் விரித்த கம்பிக் கூண்டுக்குள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்கும் குட்டிகளில், பழுப்பு நிற ஆண் குட்டிகள்தான் முதலில் போகும். அடுத்து வெள்ளையில் திட்டுப் போட்டவை. வெயில் ஏறும்போது மிச்சம் இருப்பவை கறுப்புக் குட்டிகள், அதிலும் பெட்டைகள். பைரவர் வாகனம் என்று கறுப்பு நாயைத் தேடிப்போய் பிஸ்கட் போடுகிறவர்களும் அதை வீட்டுக்குக் கொண்டுபோகத் தயங்குகிறார்கள். பெட்டை என்றால் வருஷத்துக்கு இரண்டு முறை குட்டி போட்டுவிடுமே என்ற கவலை வேறு. ஒரே ஒரு கருத்தடை அறுவை சிகிச்சையில் தீர்ந்துபோகிற கவலை அது.

அந்த முகாமுக்கே அழைத்து வரப்படாத கூட்டம் ஒன்று காப்பகத்தில் இருக்கிறது. எட்டு மாதம், பத்து மாதம், ஒன்றரை வயது. கால் மட்டும் நீண்டு வளர்ந்து, ஒரு காது நிமிர்ந்து மறு காது மடங்கிக் கிடக்கும் பருவம். குட்டி என்று மடியில் போட்டுக் கொஞ்சவும் முடியாது. வளர்ந்த நாயின் நிதானமும் வந்திருக்காது. ஃபோன் செய்து விசாரிக்கிறவர்கள், ‘ரெண்டு மாசக் குட்டி இருந்தா சொல்லுங்க’ என்று முடித்துக்கொள்கிறார்கள். நான்கு மாதம் தாண்டிய குட்டியைக் கேட்டு வருகிறவர்கள் குறைவு. அது அங்கேயே வளர ஆரம்பித்துவிடும்.

முதல்முறையாக நாய் வளர்க்கப் போகிறவர்களுக்கு என் சிபாரிசு இந்த வயதுதான். இதை இரக்கத்தில் சொல்லவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த, இடம் குறைந்த, பால்கனியைத் தவிர வேறு வெளி இல்லாத நகரத்து வீட்டுக்கு இதுதான் வசதி.

எங்கிருந்து வருகின்றன?

முதலில் அவை வந்து சேரும் காப்பகங்களைப் பற்றி. 1959-ல் சென்னை மழையில் தெருவெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் வி. சுந்தரம் வீட்டுக்குத் தூக்கி வந்தார். அவரும், அவரைப் போலவே விமானியான மனைவி உஷா சுந்தரமும், மகன் சின்னி கிருஷ்ணாவும் சேர்ந்து வளர்த்தெடுத்த அமைப்புதான் இன்று கிண்டியில் வேளச்சேரி சாலையில் இருக்கும் ப்ளூ கிராஸ். 1964-ல் முறைப்படி பதிவானது. தெருநாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யலாம் என்ற யோசனையை அந்தக் காலத்திலேயே மாநகராட்சி முன் வைத்தார்கள். சென்னையில் நாய் கொல்வது நின்றுபோக 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்று நகரைச் சுற்றிச் சின்னதும் பெரியதுமாகப் பல காப்பகங்கள் இருக்கின்றன. தாம்பரத்துக்கு அந்தப் பக்கமோ கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ நிலத்தை வாடகைக்கு எடுத்து, தகரக் கூரை போட்டு, மாதக் கடைசியில் அரிசிக்கும் கோழிக்கழுத்துக்கும் ஆளாளுக்குப் பணம் கேட்டு ஓட்டுகிறவர்கள். அங்கே வந்து சேரும் இளம் நாய்களின் கதைகள் பெரும்பாலும் சில வகைக்குள் அடங்கிவிடும். வண்டி அடித்து, கால் எலும்புக்குக் கம்பி வைத்து, குணமாகி, திரும்பத் தெருவில் விட மனமில்லாமல் வைத்துக்கொண்டவை. பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து உடன்பிறந்த குட்டிகள் எல்லாம் செத்துப்போக, பிழைத்த ஒன்று. இன்னொரு வகை, வீடு மாறியவர்களும் வெளிநாடு போனவர்களும் விட்டுவிட்டுப் போனவை. சில நேரம் வாசல் கேட்டில் கட்டிவிட்டே போய்விடுகிறார்கள். ஒரு சீட்டுகூட இருக்காது.

இந்த இளம் நாய்களில் ‘கிராஸ்’ எனப்படும் கலப்பினங்களும் நிறைய. காசு கொடுத்து வாங்கிய லேப்ரடார் வளர்ந்து பெரிதாகி, தெருவுக்குத் துரத்தப்பட்டு, அங்கே ஒரு நாட்டு நாயோடு சேர்ந்து பிறந்த பிள்ளைகள். அகலத் தலையும் ஒல்லி இடுப்பும், பஞ்சு போன்ற காதும் சுருண்ட வாலுமாக, எந்தப் படத்தோடும் ஒத்துப்போகாத உருவங்கள்.

‘என்ன பிரீட்?’

இப்படி ஒரு நாயை நடைக்கு அழைத்துப் போனால், எதிரில் வருகிற நாலு பேரில் ஒருவராவது நின்று கேட்பார்: ‘இது என்ன பிரீட்?’ தெருநாய் என்று சொன்னால் அவர் முகம் லேசாகச் சுருங்கும். ‘சிப்பிப்பாறை மிக்ஸ்’ என்று அடித்துவிட்டால் ‘அதானே பார்த்தேன்’ என்பார். காப்பகத் தன்னார்வலர்கள் சிலர்கூட, நாய்க்கு வீடு கிடைத்தால் சரி என்று, கால் நீண்டவற்றை எல்லாம் சிப்பிப்பாறைக் கலப்பு என்றும், வெள்ளை நிறத்தவற்றை எல்லாம் ராஜபாளையம் கலப்பு என்றும் எழுதிப் போடுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வேட்டை நாய்க் குணத்தை எதிர்பார்த்து வருகிறவரிடம் சோபாவை விட்டு இறங்காத நாயைக் கொடுத்தால், ஏமாற்றம் நாய் மேல்தான் விழும்.

தோற்றத்தை வைத்துக் குணத்தைச் சொல்வது எவ்வளவு தூரம் செல்லும் என்பதை எலினார் கார்ல்சன் தலைமையிலான அமெரிக்க மரபணு ஆய்வுக் குழு அளந்து பார்த்தது. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் கேள்விகள் கேட்டு, 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவைப் படித்து, 2022-ல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். அதில் கலப்பின நாய்களும் ஏராளம். நாய்க்கு நாய் காணும் குண வேறுபாட்டில் இனம் காரணமாக அமைவது சுமார் 9 சதவீதம் மட்டுமே என்றது ஆய்வு. மற்றதெல்லாம் அந்தத் தனி நாயின் பிறவிக் கூறு, வளர்ந்த சூழல், வயது.

இங்கேதான் இளம் நாயின் சாதகம் வருகிறது. இரண்டு மாதக் குட்டி எப்படி வளரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பத்து மாத நாயிடம் ஊகிக்க அதிகம் இல்லை. உயரம் கிட்டத்தட்ட முடிந்திருக்கும். பூனையைக் கண்டால் பாய்கிறதா, குழந்தைகள் ஓடினால் துரத்துகிறதா, சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தால் உறுமுகிறதா, மற்ற நாய்களோடு ஒத்துப்போகிறதா என்பதெல்லாம் தினமும் அதற்குச் சோறு வைக்கிறவருக்குத் தெரிந்திருக்கும். கேட்டால் சொல்வார்.

உடம்பு விஷயத்திலும் அப்படியே. குட்டிகளைக் கொல்வதில் முதலிடம் பார்வோவுக்கும் டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய்க்கும். முகாமில் துள்ளி விளையாடிய குட்டி வீட்டுக்கு வந்த நான்காம் நாள் ரத்த பேதியாகப் போவது அபூர்வமல்ல. கிருமி உடம்பில் புகுந்து நோயாக வெளிப்பட மூன்று நாள் முதல் ஒரு வாரம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். பார்வோ கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதால், அந்த வீட்டுக்கு உடனே இன்னொரு குட்டியைக் கொண்டுவரவும் முடியாது. எட்டு மாத நாய் அந்தக் கண்டத்தைத் தாண்டி வந்திருக்கும், தடுப்பூசிகளையும் போட்டிருப்பார்கள். பால் பற்கள் விழுந்து முளைத்தாகிவிட்டது. இரவில் ஆறேழு மணி நேரம் சிறுநீரை அடக்கவும் முடியும். குட்டிக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை துடைப்பம் எடுத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

காப்பகம் கேட்கும் கேள்விகள்

நாயைக் கூண்டில் இருந்து எடுத்துக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்துப் போகிறவர்கள், படிவத்தைப் பார்த்ததும் முகம் சுளிக்கிறார்கள். சொந்த வீடா, வாடகையா? வீட்டுக்காரர் சம்மதித்தாரா? வீட்டில் எல்லோருக்கும் விருப்பமா, பாட்டிக்கும்? யார் நடைக்குக் கூட்டிப் போவது? பகலில் எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும்? பொங்கலுக்கு ஊருக்குப் போனால் என்ன ஏற்பாடு? மொட்டை மாடியில் கட்டிப்போடுவீர்களா? அடையாள அட்டை, வீட்டின் படம், சில இடங்களில் நேரில் வந்து பால்கனிக் கம்பி இடைவெளியைக்கூடப் பார்க்கிறார்கள். பொண்ணு பார்க்க வந்தவர்கள் மாதிரி கேட்கிறார்களே என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

எனக்கு அந்தக் கேள்விகளில் குறை தெரியவில்லை. நாட்டு நாய் பதினைந்து வருஷம்கூட இருக்கும். மகளின் ஏழாம் வகுப்பில் வந்தால், அவள் படித்து முடித்து வேலைக்குப் போகும்வரை வீட்டில் இருக்கும் உயிர். புண்ணியம் என்று நினைத்து அந்த வாரத்து உணர்ச்சியில் வருகிறவர்களைவிட, ‘மாமியாருக்குக் கொஞ்சம் பயம், அடுத்த மாசம் வரோம்’ என்று திரும்பிப் போகிறவர்களை நான் நம்புவேன்.

அடுக்குமாடிவாசிகளுக்கு இன்னொரு தலைவலி குடியிருப்போர் சங்கம். விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட சுற்றறிக்கை தெளிவாகவே சொல்கிறது: பெரும்பான்மை வாக்கெடுப்பு நடத்தியும் குடியிருப்பில் செல்லப் பிராணிகளுக்குத் தடை போட முடியாது, லிஃப்ட்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது. ஆனால் சுற்றறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு சங்கக் கூட்டத்துக்குப் போவதைவிட, நாய் வருவதற்கு முன்பே எதிர்வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. நாய் என்றால் உண்மையாகவே நடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சின்ன வயதில் கடிபட்டு, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்ட தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அவர்களைக் கேலி செய்கிற நாய்ப் பிரியர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

முதல் வாரங்கள்

காப்பகத்துக்காரர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம். மிரட்சி தணிய மூன்று நாள், வீட்டின் நேரம்காலம் பிடிபட மூன்று வாரம், இது என் வீடு என்று ஆக மூன்று மாதம். எல்லா நாய்க்கும் அளவெடுத்துத் தைத்த கணக்கல்ல. ஆனால் முதல் நாளே நாய் வாலாட்டிக்கொண்டு மடியில் ஏறும் என்று எதிர்பார்க்காமல் இருக்க உதவும்.

எங்கள் வீட்டு மல்லி பத்து மாதத்தில் வந்தாள். லேப் கிராஸ் என்று சொல்லித் தந்தார்கள். லேப்ரடாருடையது என்று சொல்ல அவளிடம் இருப்பது பசி மட்டுமே. அவள் அதுவரை படிக்கட்டைப் பார்த்ததில்லை. தகரக் கூரையும் மண் தரையுமாக வளர்ந்தவளுக்கு வழுவழு டைல்ஸ் புதிது, கண்ணாடிக் கதவு புதிது, தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி புதிது. குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில். மிக்ஸி ஓடினால் கட்டிலுக்கு அடியில். தோசை மாவு அரைக்கிற நாளில் அவளை வெளியே எடுக்கவே முடியாது. அம்மா பூஜையறை வாசலில் ஒரு ஸ்டூலைக் குறுக்கே போட்டுவைத்தார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. மல்லி அதைத் தாண்டவும் முயன்றதில்லை.

இந்தப் பயங்களுக்குக் காரணம் இருக்கிறது. நாய்க்குட்டிக்கு மூன்றாவது வாரத்தில் இருந்து பதினான்காவது வாரம் வரை உலகத்தைப் பழகும் காலம். அப்போது பார்த்ததெல்லாம் சாதாரணம், பார்க்காததெல்லாம் சந்தேகம். தெருவில் வளர்ந்த குட்டிக்கு ஆட்டோ சத்தம் ஒரு பொருட்டே இல்லை. காப்பகக் கூண்டுக்குள் அந்த வாரங்களைக் கழித்த நாய்க்கு குடை விரிவதும் பயம், ஹெல்மெட் போட்ட மனிதனும் பயம். இளம் நாயைத் தத்தெடுப்பதில் உள்ள உண்மையான சிரமம் இதுதான். அதை மறைத்துக் கொடுப்பது யாருக்கும் நல்லதில்லை. கடக்க முடியாத சிரமமும் இல்லை: மிக்ஸியைத் தூரத்து அறையில் ஓடவிட்டு, அதே நேரத்தில் ஒரு துண்டு வேகவைத்த கோழி ஈரல். அடுத்த வாரம் கொஞ்சம் கிட்டே. மல்லிக்கு இப்போது மிக்ஸி சத்தம் கேட்டால் சமையலறைக்கு ஓடிவருவதுதான் பிரச்சினை.

முதல் மாதத்தில் உயிருக்கே ஆபத்தான விஷயம் ஒன்று உண்டு, ஓடிப்போவது. மிரண்ட நாய் கழுத்துப்பட்டையில் இருந்து பின்பக்கமாகத் தலையை உருவிக்கொள்ளும். தெரு அதற்குப் புதிது, வீட்டுக்குத் திரும்பி வரவும் தெரியாது. ஆகவே கழுத்துப்பட்டையோடு மார்பைச் சுற்றிய ஹார்னஸும் போட்டு, இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பட்டையில் ஃபோன் நம்பர் பொறித்த ஒரு தகடு. கொரியர்காரர் மணி அடித்தால், கதவைத் திறக்கும் முன் நாய் எங்கே என்று பார்க்கும் பழக்கம். இதெல்லாம் வீட்டில் உள்ள எல்லோருக்கும் வர வேண்டும். பட்டாசுச் சத்தத்தில் மிரண்டு ஓடக்கூடும் என்பதால், தத்தெடுத்த முதல் ஆண்டு தீபாவளிக்கு ஊருக்குப் போகும் திட்டம் வேண்டாம்.

அடிப்பதால் பயன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘ரெண்டு போட்டா சரியாயிடும்’ என்று சொல்ல ஒரு மாமா எல்லா வீட்டிலும் இருக்கிறார். எட்டு மாதத்தில் இருந்து ஒன்றரை வயது வரை நாய்க்கு விடலைப் பருவம். நேற்றுவரை கூப்பிட்டால் வந்தது இன்று காது கேளாததுபோல் நிற்கும். செருப்பு, ரிமோட், சார்ஜர் ஒயர் எல்லாம் பல்லுக்கு இரை. மெல்லுவதற்கு வேறு ஏதாவது கொடுத்து, காலையும் மாலையும் நன்றாக நடக்கவிட்டால் பாதி அடங்கும். மீதி வயதானால் போகும். அந்தக் காலத்தில் வாங்கிய அடியின் பயம் மட்டும் போகாது.

சாப்பாட்டுக்குப் பெரிய சடங்கு தேவையில்லை. சோறு, வேகவைத்த கோழி அல்லது முட்டை, கொஞ்சம் கேரட் அல்லது பூசணி. உப்பும் மசாலாவும் இல்லாமல். பாலைவிட தயிர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகாது. சமைத்த கோழி எலும்பு உடைந்தால் கூர்மையாகிக் குடலைக் குத்தும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எலும்பை அன்போடு நீட்டும் விருந்தாளிகளைக் கண்காணிக்க வேண்டும். உண்ணியைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. அதன் மூலம் வரும் காய்ச்சல் ரத்த அணுக்களைத் தாக்கும். நாய் ஒருநாள் சாப்பிடாமல் சோர்ந்து, ஈறு வெளுத்திருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். தனியார் மருத்துவச் செலவு கட்டுப்படியாகாதவர்களுக்கு, 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. கூட்டம் இருக்கும். காலையிலேயே போய்விடுவது நல்லது.

ரேபிஸ் ஊசி குட்டியின் மூன்றாம் மாதத்தில் முதல் தடவை, பிறகு ஒரு ஊக்க ஊசி, அதன்பின் ஆண்டுதோறும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் சென்னை மாநகராட்சியின் வளர்ப்பு உரிமம் கிடைக்காது. 2025-ல் உரிமக் கட்டணம் 50 ரூபாயாக இருந்தது. 2025 கடைசியில் மைக்ரோசிப்பும் கட்டாயம் என்று மாநகராட்சி கெடுபிடி காட்டியபோது, உரிமம் இல்லாதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்ற அறிவிப்பைக் கேட்டுத் திரண்ட கூட்டத்தைப் பார்த்தபிறகுதான், இந்த நகரத்தில் இத்தனை வளர்ப்பு நாய்கள் இருப்பதே பலருக்குத் தெரிந்தது. வீட்டு நாயாக இருந்தாலும் பல் பட்டாலோ கீறி ரத்தம் வந்தாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். ‘நம்ம நாய்தானே’ என்று விட்டுவிடக் கூடாது.

தெருவில் இருக்கும் மற்றவை

தத்தெடுப்பு தெருநாய்ப் பிரச்சினையைத் தீர்த்துவிடும் என்று மேடைகளில் பேசுகிறார்கள். தீர்க்காது. 2024-ல் எடுத்த கணக்கின்படி சென்னைத் தெருக்களில் மட்டும் சுமார் 1.8 லட்சம் நாய்கள். நகரத்தின் எல்லாக் காப்பகங்களும் எல்லா ஞாயிறும் முகாம் போட்டாலும் எட்டாத எண்ணிக்கை அது. ஒரு பகுதியில் ஏறக்குறைய 70 சதவீத நாய்களுக்காவது குறுகிய காலத்தில் கருத்தடையும் தடுப்பூசியும் நடந்தால்தான் பெருக்கம் அடங்கும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு. அது மாநகராட்சி செய்ய வேண்டிய வேலை. 2023-ன் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. ஒரு குடும்பம் செய்யும் தத்தெடுப்பு ஒரு நாயின் பிரச்சினையைத் தீர்க்கிறது. அதற்கு மேல் அதன் தலையில் பாரம் ஏற்ற வேண்டியதில்லை.

2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்ற உத்தரவு, அதே மாதம் 22-ம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வால் மாற்றப்பட்டது. கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து, ரேபிஸ் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் தவிர மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது அமர்வு. அந்த உத்தரவில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு: விலங்குப் பிரியர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம், எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலைய வளாகங்களில் இருந்து நாய்களை அகற்றவும், அவற்றை அதே இடத்தில் திரும்ப விடக்கூடாது என்றும் இன்னொரு உத்தரவு வந்தது. அப்படிப் பிடிபடுகிறவற்றில் இளம் நாய்களும் இருக்கும். வளாகத்துக் காவலாளியும் கேன்டீன் அம்மாவும் சோறு போட்டு வளர்த்ததால், மனிதர்களோடு நன்றாகப் பழகியவை அவற்றில் பல.

தத்தெடுத்த நாய் ஒத்துவரவில்லை என்றால் என்ன செய்வது என்று கேட்காமலே பலர் கையெழுத்துப் போடுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி அது. ஒழுங்காக நடக்கும் காப்பகங்கள், எப்போது திருப்பிக் கொடுத்தாலும் தங்களிடமே கொடுக்க வேண்டும் என்று படிவத்திலேயே எழுதி வாங்குகின்றன. வேறு யாரிடமோ கைமாற்றுவதும், காரில் ஏற்றிச் சுங்கச்சாவடி தாண்டி இறக்கிவிடுவதும் வேறு விஷயம். வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம்.

முடிவெடுக்க முடியாதவர்களுக்கு ஒரு நடுவழி இருக்கிறது. சில வாரங்களுக்கு மட்டும் ஒரு நாயை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது, காப்பகத்து வழக்கில் ‘ஃபாஸ்டர்’. அறுவை சிகிச்சை முடிந்து புண் ஆற வேண்டிய நாய்களுக்கும், டிசம்பர் மழையில் கூண்டுக்குள் தண்ணீர் ஏறும்போதும், இப்படி ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்கள். மருந்தும் மருத்துவச் செலவும் பல இடங்களில் காப்பகத்துடையது. வீடும் நேரமும் உங்களுடையது. காப்பகத்துக்கு வார நாளில் போங்கள், கூட்டம் இருக்காது. தன்னார்வலரோடு சேர்த்து, கூண்டு கழுவுகிறவரிடமும் எந்த நாய் சாது என்று கேளுங்கள். ஃபாஸ்டருக்கும் ஒரு படிவம் உண்டு. தத்துப் படிவத்தைவிடச் சின்னது.